மிதக் சந்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள்

கேள்வி இது: "எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் 'மிதக் சந்து' நாவலைப் படித்து முடித்தேன். ஏகப்பட்ட பேர் வருகிறார்கள். யாரைப் பிடித்துக்கொண்டு போவது என்றே தெரியவில்லை. இதில் கதாநாயகன் யார்? பாத்திரம், அடையாளம், இடம் என்று மூன்றையும் எப்படித் தனித்தனியாகப் பார்ப்பது? எங்கள் குடியிருப்பை வைத்து நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்."

தனித்தனியாகப் பார்க்க வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். பிரித்தால் இந்த நாவலில் நல்லதெல்லாம் கைநழுவிவிடும். கதாநாயகன் யார் என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: சந்துதான் கதாநாயகன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதை ஏற்க முடியவில்லை. சந்துக்கு ஆசை கிடையாது, பயம் கிடையாது. ஆசைப்படுவதும் பயப்படுவதும் அதில் குடியிருப்பவர்கள். சந்து செய்கிற வேலை வேறு. அது எல்லாரையும் எல்லாருடைய கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறது. ஒருவர் யார் என்பது அவர் மனதுக்குள் எவ்வளவு இருக்கிறதோ, அதைவிட அதிகமாக எதிர்வீட்டார் அவரைப் பற்றி வைத்திருக்கும் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு ஆளும் அந்தக் கணக்கை என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனால், கூட்டமாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்து முகம் காட்டுவார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மஹ்ஃபூஸ் 1911-ல் பழைய கெய்ரோவின் ஜமாலிய்யா பகுதியில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் அப்பாசிய்யாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. விட்டு வந்த அந்தத் தெருக்களைத்தான் பிற்பாடு திரும்பத் திரும்ப எழுதினார். அரபியில் 'ஸுகாக் அல்-மிதக்' என்ற இந்த நாவல் 1947-ல் வந்தது. ஸுகாக் என்றால் சந்து. அந்தச் சந்து கற்பனை இல்லை. அல்-அஸ்ஹர் மசூதிக்குப் பக்கத்தில், சனாதிகிய்யா தெருவிலிருந்து பிரிந்து போகும் சின்ன முட்டுச்சந்து அது. நாவலில் அது மூன்று பக்கமும் சுவர் அடைத்த ஒரு பொறி மாதிரி வர்ணிக்கப்படுகிறது. ஒரு வழிதான். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் அதே வாயைத்தான் தாண்ட வேண்டும்.

மூன்றாம் முறை படித்தபோது ஒரு தாளில் அந்தச் சந்தை வரைந்து பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். நுழையும்போது ஒரு பக்கம் காமிலின் இனிப்புக் கடை, மறுபக்கம் அப்பாஸின் முடிதிருத்தும் கடை. அப்புறம் கிர்ஷாவின் காப்பிக்கடை. சலீம் அல்வானின் மொத்த வியாபார அலுவலகம். ஹுஸ்னியாவின் ரொட்டி அடுப்பு, அதை ஒட்டி ஸைத்தா என்பவன் கிடக்கும் இருட்டறை. குடியிருக்க இரண்டு வீடுகள். ஒன்று ரித்வான் ஹுசைனிக்குச் சொந்தம், இன்னொன்று சனிய்யா அஃபீஃபி என்ற விதவைக்கு. மொத்தமே இவ்வளவுதான். வரைந்து முடித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் படத்தில் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் இன்னொருவரின் வாசலோ ஜன்னலோ கண்ணில் படுகிறது. மஹ்ஃபூஸ் சுவரின் பழமையையும் வேலைப்பாட்டையும் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். யாருடைய ஜன்னல் யாருடைய நாற்காலிக்கு எதிரில் இருக்கிறது என்பதில்தான் கதையை நடத்துகிறார்.

காலம் இரண்டாம் உலகப் போர். எகிப்தில் பிரிட்டிஷ் படைகள் முகாமிட்டிருக்கின்றன. அந்த முகாம்களில் வேலைக்குப் போனால் சந்தில் கனவிலும் காண முடியாத கூலி கிடைக்கிறது. இது மனதில் இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

நாவல் ஒரு அந்திப் பொழுதில் தொடங்குகிறது. கடைகள் மூடுகின்றன, காப்பிக்கடையில் விளக்கு எரிகிறது, வழக்கமான ஆட்கள் வழக்கமான இடத்தில் உட்காருகிறார்கள். ரபாப் வாத்தியத்தோடு ஒரு கிழக் கவிஞர் வருகிறார். பல வருடங்களாக இதே கடையில் பழைய வீரக்கதைகளைப் பாடிப் பிழைத்தவர். அன்று கடைக்காரர் கிர்ஷா அவரைப் பாட விடவில்லை. கதையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம், ஜனங்களுக்கு இப்போது வேண்டியது ரேடியோ என்கிறார். அந்த நேரத்தில் ஒரு ஆள் சுவரில் ரேடியோவைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். கிழவருக்காக யாரும் வாய் திறப்பதில்லை. ரித்வான் ஹுசைனி வந்து அவருக்கு ஆறுதல் சொல்லிக் கையில் காசு கொடுத்து அனுப்புகிறார். கிழவர் போன பிறகு பேச்சு அவரவர் விஷயத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த ஒரு காட்சியில் எவ்வளவு நடந்துவிட்டது பாருங்கள். கிர்ஷா எப்படிப்பட்டவர், ரித்வானை மற்றவர்கள் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், இந்தச் சந்து யாரையும் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும் என்பதெல்லாம் வந்துவிட்டது. வெளியுலகம் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெட்டியாக உள்ளே நுழைந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தைப் படித்த பிறகு இந்த முதல் காட்சிக்குத் திரும்பி வந்தீர்களானால், கிழவரை அனுப்பிய அதே வேகத்தில்தான் முடிவும் எழுதப்பட்டிருப்பது தெரியும்.

இனி பெயர்கள். அடையாளம் என்று கேட்டீர்களே, இந்த நாவலில் அதை முதலில் பெயர்களில்தான் தேட வேண்டும். ஹமீதாவை வளர்த்தவளுக்கு நாவல் முழுக்க 'உம்மு ஹமீதா' என்றுதான் பெயர். ஹமீதாவின் அம்மா என்று அர்த்தம். அவள் பெற்ற தாய்கூட இல்லை, எடுத்து வளர்த்தவள். ஆனாலும் சந்து அவளை அந்த உறவாலேயே கூப்பிடுகிறது. 'டாக்டர்' பூஷி பல் வைத்தியம் பார்க்கிறார். எந்தக் கல்லூரியும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை, சந்து கொடுத்தது. காமிலை எல்லாரும் 'அம்ம் காமில்' என்கிறார்கள், நம் ஊரில் வயதானவரை மாமா என்று கூப்பிடுகிற மாதிரி. உடம்பு பெருத்து, மடியில் ஈ விரட்டியை வைத்துக்கொண்டு கடை வாசலில் தூங்கும் அவரைச் சந்து சீக்கிரம் செத்துவிடுவார் என்று கேலி செய்கிறது. உங்களுக்காக ஒரு கஃபன் துணி, அதாவது பிணத்தைப் போர்த்தும் துணி, வாங்கி வைத்திருக்கிறேன் என்று அப்பாஸ் ஒரு நாள் விளையாட்டாகச் சொல்கிறான். அது முதல் காமிலைப் பற்றிய பேச்சில் அந்தத் துணியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கேலிப் பேச்சு எப்படி ஒரு மனிதனின் மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது என்பதை இவ்வளவு இயல்பாக எழுதியவர்கள் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஷேக் தர்வீஷ். ஒரு காலத்தில் ஆங்கில ஆசிரியர். வக்ஃபு பள்ளிகளைக் கல்வி அமைச்சகத்தோடு சேர்த்தபோது அவரிடம் போதிய பட்டம் இல்லை என்று எழுத்தராக்கி, பதவியையும் சம்பளத்தையும் குறைத்துவிட்டார்கள். மனம் உடைந்து, வீட்டையும் மனைவியையும் விட்டு வந்து காப்பிக்கடையே கதி என்று உட்கார்ந்துவிட்டார். இன்னமும் கழுத்தில் டையும் கண்ணில் தங்க விளிம்புக் கண்ணாடியும் உண்டு. எதையாவது சொல்லிவிட்டு, அதற்கு ஆங்கிலத்தில் என்ன வார்த்தை என்று சொல்லி, எழுத்துக்கூட்டியும் காட்டுவார். அலுவலகம் பறித்துக்கொண்ட அடையாளத்துக்குப் பதிலாகச் சந்து அவருக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டது: இறையருள் பெற்றவர், ஷேக். அவரைப் பித்தர் என்று யாரும் தள்ளி வைக்கவில்லை, அவருக்குச் சாப்பாடும் துணியும் குறையவிடவும் இல்லை. மஹ்ஃபூஸே வக்ஃபு அமைச்சகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். கோப்புகளுக்கு நடுவில் ஒரு மனிதன் எப்படித் தொலைந்துபோவான் என்று அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். சந்து மனிதனை நெரிக்கிறது என்று சொல்கிறவர்கள், தர்வீஷுக்கு அது கொடுத்த இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்தவர் விஷயம் தெரிவது இங்கே வெறும் வம்பு இல்லை, கதை நகர்வதே அதில்தான். சலீம் அல்வான் பெரிய வியாபாரி. குடியிருப்பது வேறு பகுதியில், சந்துக்குக் குதிரை வண்டியில் வந்து போகிறவர். தினமும் மதியம் அவருக்கு ஒரு தனிப் பண்டம் வரும். பச்சைக் கோதுமையும் புறாக் கறியும் ஜாதிக்காயும் சேர்த்துச் சுட்ட பாத்திரம். இந்த வயதிலும் இளமை குறையாமல் இருக்க அது உதவும் என்று அவருக்கு நம்பிக்கை. ரகசியம்தான். ஆனால் அதைச் சுட வேண்டியது ஹுஸ்னியாவின் அடுப்பில். அவள் விடுவாளா? கொஞ்சம் எடுத்துத் தன் புருஷன் ஜாதாவுக்குப் போட்டுச் சோதித்துப் பார்க்கிறாள். அப்புறம் அது ரகசியமாக எப்படி இருக்கும்! பணக்காரரின் படுக்கையறை விஷயம் சந்துக்கே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அடுப்பு பொது. உங்கள் நாவலில் எந்தப் பொருள் பொது என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாயா, மாடிப்படியா, லிப்டா, துணி காயப்போடும் மொட்டைமாடியா? எது பொதுவோ அதன் வழியாகத்தான் செய்தி போகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ரித்வான் ஹுசைனி. பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்தும் இறைவன் மேல் குறை சொல்லாதவர். சந்து முழுக்க அவரிடம் ஆலோசனைக்கு வருகிறது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் மனைவியிடம் கடுமையானவர் என்பதையும் மஹ்ஃபூஸ் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். பெரிதாகக் காட்சி வைக்கவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. ஆனால் நமக்கு அது போதும். சந்தில் கருணையாகத் தெரிகிற முகம் கதவைச் சாத்திய பிறகு வேறாக இருக்கலாம். பொது அடுப்பு இல்லாத விஷயம் சந்துக்குத் தெரியாது.

ஸைத்தாவைப் பற்றி ஒரு பத்தி. அழுக்கும் நாற்றமுமாக, யாரும் கிட்டே போகாத ஆள். ராத்திரியில்தான் நடமாட்டம். அவன் தொழில், பிச்சை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஊனம் உண்டாக்கித் தருவது. வருகிறவனின் உடம்பையும் முகத்தையும் பார்த்து, இவனுக்குக் குருடு பொருந்துமா நொண்டி பொருந்துமா என்று தீர்மானிப்பான். பிறகு அவர்களிடம் தினசரிப் பங்கு வசூலிப்பான். மற்றவர்கள் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி ஒரு உடம்பைச் செய்து விற்பவன் அவன். இந்த ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டே அடையாளம் என்ற தலைப்பில் நீங்கள் முழுக் கட்டுரை எழுதலாம்.

சரி, ஹமீதாவுக்கு வருவோம். நாவலின் நெஞ்சு அவள்தான். அனாதை. இருபதுகளில் இருக்கிறாள், அழகி, நீண்ட கருங்கூந்தல், சட்டென்று சீறும் குணம். மற்றப் பெண்கள் கல்யாணம், குழந்தை என்று பேசினால் அவளுக்கு எரிச்சல் வரும். குழந்தைகளைப் பிடிக்காத பெண்ணா என்று சந்து அவளைப் பற்றி ஒரு மாதிரியாகப் பேசும். ஆரம்பத்தில் ஒரு காட்சி உண்டு. அவள் தலை வாரிக்கொண்டிருக்கிறாள், வளர்ப்புத் தாயோடு வாய்ச்சண்டை நடக்கிறது. பிறகு ஜன்னலுக்கு வந்து கீழே பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே சந்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் வரிசையாகப் பழிக்கிறாள். ரொட்டிக்காரி ஹுஸ்னியா, அடி வாங்கும் அவள் புருஷன், கிர்ஷா, தூங்கிவழியும் காமில், இப்படி. நமக்குச் சந்தின் ஆட்கள் முழுமையாக அறிமுகமாவதே அவளுடைய இந்த வசவு வழியாகத்தான். இடத்தைக் காட்டும் வர்ணனையும் அதுதான், அவள் குணத்தைக் காட்டுவதும் அதுதான், அவள் தன்னை இவர்களில் ஒருத்தியாக நினைக்கவில்லை என்று சொல்வதும் அதுதான். பாத்திரம், அடையாளம், இடம் மூன்றையும் பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இந்த ஜன்னலைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அவளுக்குத் தினமும் மாலையில் ஒரு நடை உண்டு. சனாதிகிய்யா வழியாக வெளியே வந்து, மூஸ்கி பக்கம் கடைகளைப் பார்த்தபடி போவாள். வழியில் தர்ராசா பகுதிப் பெண்கள் எதிர்ப்படுவார்கள். அவளைப் போலவே ஏழைப் பெண்கள்தான். ஆனால் போர்க்காலத்தில் ஆலைகளில் வேலை கிடைத்து, யூதப் பெண்களைப் பார்த்து உடையும் நடையும் மாற்றிக்கொண்டு, கையில் சொந்தக் காசோடு திரிகிறார்கள். ஹமீதா அவர்களோடு சிரித்துப் பேசுவாள், உள்ளுக்குள் பொறாமையில் வேவாள். அவளுடைய உலகம் இவ்வளவுதான்: ஜன்னல், சந்து வாய், கடைத்தெரு, திரும்பி வீடு. அந்தக் கோடு எவ்வளவு தூரம் நீள்கிறதோ அதுவரைதான் அவளால் ஆசைப்பட முடிகிறது. அது நீளும்போது ஆசையும் நீள்கிறது. ஒரு பாத்திரத்தின் மனசை எழுத மனசுக்குள் போக வேண்டும் என்றில்லை, அவள் தினமும் நடக்கும் தடத்தைச் சரியாக எழுதினாலே பாதி வந்துவிடும்.

அப்பாஸ் நல்ல பையன். சந்தை விட்டுப் போக நினைக்காதவன், இருப்பதில் திருப்திப்படுகிறவன். ஹமீதாவை விரும்புகிறான். அவளுக்காகத்தான் தன் குணத்துக்கே பொருந்தாத ஒரு காரியத்தைச் செய்கிறான்: தெல் எல்-கபீர் பிரிட்டிஷ் முகாமுக்கு வேலைக்குப் போகிறான். போகுமுன் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி நிச்சயம் ஆகிறது. அவன் நண்பன் ஹுசைன், கிர்ஷாவின் மகன், இதற்கு நேரெதிர். சந்தை வெறுப்பவன். முகாம் காசில் மிதப்பவன். பெற்றோரோடு சண்டை போட்டு வெளியேறி, போர் முடியும் தருவாயில் வேலை போய், மனைவியையும் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறான். போகாதே என்று சந்து இருவரையும் தடுக்கவில்லை. தூரத்தில் நடக்கும் போர் இழுக்கிறது. அல்வானுக்கும் அதே போர்தான் லாபம் கொடுக்கிறது. நாவலின் பக்கங்களில் போர்க்களம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் போர் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரைப் பற்றிய நாவல் என்றால் தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்பாஸ் ஊரில் இல்லாதபோது அல்வான் ஹமீதாவைப் பெண் கேட்கிறார். நிச்சயமானவள் என்பதெல்லாம் தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில் மறந்துபோகிறது. ரித்வான் கூடாது என்கிறார், அவர்கள் கேட்பதாக இல்லை. அதற்குள் அல்வானுக்கு மாரடைப்பு வந்துவிடுகிறது, பேச்சு அப்படியே நின்றுபோகிறது. கிட்டத்தட்ட கைக்கு எட்டிய வாழ்க்கை அது. பிறகு தேர்தல் கூட்டம் நடக்கும் ஒரு நாளில் இப்ராஹிம் ஃபராஜ் என்ற புது ஆள் சந்துக்குள் வருகிறான், அவளைப் பார்க்கிறான். மறுநாளிலிருந்து காப்பிக்கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு அவள் ஜன்னலையே பார்க்கிறான்.

இந்த ஃபராஜ் பாத்திரம் தட்டையாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள். நல்ல உடை, நல்ல பேச்சு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று. எனக்கு அது குறையாகப் படவில்லை. சந்தில் வரும் மற்ற எல்லாரையும் நாம் அக்கம்பக்கத்தார் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். இவனைப் பற்றிச் சொல்ல அங்கே யாருமில்லை. இவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த அடுப்பில் ரொட்டி வாங்குகிறான் என்று யாருக்கும் தெரியாது. ஹமீதாவுக்கு அவனிடம் பிடித்ததே அதுதான். பிறந்ததிலிருந்து தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களின் நடுவில் வளர்ந்தவளுக்கு, எதுவும் தெரியாத ஒருவனின் பார்வை விடுதலை மாதிரி இருக்கிறது.

அவன் அவளை நகரத்தின் புதுப் பகுதியில், ஷரீஃப் பாஷா தெருவில் ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே நடனம் சொல்லிக்கொடுக்க ஒரு அறை, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு அறை. பட்டாளத்துக்காரர்களுக்காகப் பெண்களைத் தயார் செய்யும் இடம். முதல் காரியமாக அவள் பெயரை மாற்றுகிறான். இனி அவள் 'டீட்டி'. ஆங்கிலேயர் வாயிலும் அமெரிக்கர் வாயிலும் எளிதாக வரும் பெயர். முன்பு பெயர்களைப் பற்றிச் சொன்னேனே, இங்கே அதை நினைத்துக்கொள்ளுங்கள். சந்து கொடுத்த பெயர்களில் கேலி உண்டு, பொய் உண்டு, ஆனாலும் அவை ஒரு உறவைச் சொன்னவை. உம்மு ஹமீதா என்ற பெயருக்குள்ளேயே ஹமீதா இருக்கிறாள். டீட்டி யாருக்கும் யாருமில்லை. பொறியிலிருந்து தப்பித்தவளுக்குக் கிடைத்தது ஒரு விலைச்சீட்டு. ஒரு பாத்திரம் இடத்தை விட்டுப் போகும்போது அடையாளத்துக்கு என்ன ஆகிறது என்பதற்கு மஹ்ஃபூஸ் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதவில்லை, இரண்டு அசையில் முடித்துவிட்டார்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹமீதா விஷயத்தில் கதைசொல்லி நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அவள் இயல்பிலேயே இதற்குப் பிறந்தவள் என்ற தொனி சில இடங்களில் வருகிறது. கிர்ஷாவுக்கு ஆண்கள் மேல் உள்ள நாட்டத்தை எழுதும்போதும் இதே தீர்ப்புக் குரல்தான். மற்ற எல்லாரையும் சந்தின் கண்ணோடு பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றும் பார்க்கிற ஆசிரியர், இந்த இரண்டு பேரிடம் மட்டும் சந்தின் கண்ணையே தன் கண்ணாக வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய எழுத்தாளர் இதில் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் அதையும் மீறி ஹமீதா உயிரோடு நிற்கிறாள். அவள் பசி உண்மையானது என்று அந்த நடையும் அந்த ஜன்னலும் நம்மை நம்பவைத்துவிட்டன. தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு அவளை மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது.

இடம் இவ்வளவு முக்கியம் என்றால் இந்தக் கதையை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாதே என்று கேட்கலாம். கொண்டுபோயிருக்கிறார்கள். எகிப்திலேயே 1963-ல் படமாக வந்தது. 1995-ல் ஹோர்ஹே ஃபோன்ஸ் இயக்கத்தில் மெக்சிகோவில் படமாக்கினார்கள், சந்தை மெக்சிகோ நகரத்தின் பழைய மையப்பகுதிக்கு மாற்றிவிட்டு. ஹமீதாவின் இடத்தில் ஆல்மா என்ற பெண், நடித்தவர் சல்மா ஹயெக். பிரிட்டிஷ் பட்டாளம் இல்லை, ரபாப் கவிஞர் இல்லை, ஆனால் கதை நிற்கிறது. ஏனென்றால் அவர்கள் எடுத்துப் போனது ஜன்னலுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பார்வைகளின் அமைப்பை.

உங்கள் நாவலுக்கு என் யோசனை சுருக்கமானது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஜாதகம் எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டாவது மாடிக்காரருக்கு முதல் மாடிக்காரரைப் பற்றி என்ன தெரியும், அதில் எது தப்பு, என்று எழுதிப் பாருங்கள். எந்த வீட்டுக் குக்கர் விசில் எந்த வீட்டில் கேட்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாத ஒரு ஆளை நடுவில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். இடம் தானாக எழுந்து நிற்கும்.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அப்பாஸ் தங்கச் சங்கிலியோடு ஊர் திரும்புகிறான், ஹமீதா இல்லை. பிறகு அவளைத் தெருவில் சந்திக்கிறான். ஃபராஜைப் பழிவாங்க அவள் இவனைத் தூண்டுகிறாள். ஆனால் அதற்கு முன்பே ஒரு மதுக்கடையில் அவளைச் சிப்பாய்களின் நடுவில் பார்த்துவிட்டு, வெறி பிடித்து அவள் முகத்தைக் குறிவைத்துக் கண்ணாடிக் குவளையை வீசுகிறான். சிப்பாய்கள் அவனை அங்கேயே அடித்துக் கொல்கிறார்கள். ஹுசைன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்தி சந்துக்கு வருகிறது. காமில் குழந்தை மாதிரி அழுகிறார், தனக்குக் கஃபன் வாங்கி வைத்ததாக விளையாடிய பையனுக்காக.

காலையில் அழுத சந்து மாலையில் சிரிக்கிறது. ரித்வான் ஹஜ்ஜிலிருந்து திரும்பப்போகிறார் என்று விளக்குத் தோரணம் கட்டுகிறார்கள், மணல் பரப்புகிறார்கள். டாக்டர் பூஷியும் ஸைத்தாவும் ஒரு பிணத்தின் தங்கப் பற்களைத் திருடக் கல்லறையைத் தோண்டி முன்பே ஜெயிலுக்குப் போயிருந்தார்கள். பூஷி இருந்த அந்த வீட்டில் இப்போது ஒரு கசாப்புக்காரரின் குடும்பம் குடியேறுகிறது. மனைவி, ஏழு மகன்கள், ஒரே ஒரு மகள். பெண் பிறை மாதிரி இருக்கிறாள் என்று ஹுசைன் சொல்கிறான். அவள் ஜன்னலைத் திறந்தாளா என்று மஹ்ஃபூஸ் எழுதவில்லை. கீழே காப்பிக்கடை இருக்கிறது, நாற்காலிகள் அதே இடத்தில் கிடக்கின்றன.